பழைய செயலியை வைத்துக்கொள்வதா, விடுவதா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் கைப்பேசியில் பழைய குறிப்புச் செயலி ஒன்று இருக்கும். பல வருடத்துக் கணக்கு அதற்குள் கிடக்கும்: டீசல் கடன், ஐஸ் பாக்கி, ஆட்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ், நண்டு கம்பெனியில் போட்ட எடை, லாட்ஜில் தங்கியவர்களின் முன்பதிவு, மகளிர் குழுவின் தவணை. புதுக் கைப்பேசி வாங்கும்போதோ, சந்தா புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வரும்போதோ கேள்வி எழுகிறது. "தம்பி, இதையே வச்சுக்கவா, இல்ல வேற ஆப்புக்கு மாறிறவா?"

செயலியின் வயதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2005-இல் வந்த ரிமெம்பர் த மில்க் இன்றும் ஓடுகிறது. 2007-இல் தொடங்கிய டூடூயிஸ்டும் ஓடுகிறது. அவற்றுக்குப் பின் வந்து, லட்சக்கணக்கானவர்கள் விரும்பிப் பயன்படுத்திய வுண்டர்லிஸ்டை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது; 2020 மே 6-ஆம் தேதி மூடிவிட்டது. எனவே வேறு இடத்தில் தொடங்க வேண்டும். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு அதற்குப் பிறகு. கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிற ஆள் யோசித்து முடிவெடுப்பதில்லை, பயந்து முடிவெடுக்கிறார். இந்த வழிகாட்டியின் வரிசையே அதை வைத்துத்தான்.

முதல் படி: அந்தச் செயலி உங்களுக்கு என்ன செய்கிறது என்று தாளில் எழுதுங்கள்

ஒரு வாரம் போதும். செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காகத் திறந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வாரக் கடைசியில் பார்த்தால், இருபது வசதி உள்ள செயலியில் நீங்கள் தொடுவது இரண்டோ மூன்றோதான் என்று தெரியும். எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்: தொலைந்தால் பணம் போகும், தொலைந்தால் மனசு வருத்தப்படும், தொலைந்தாலும் பரவாயில்லை.

பங்குக் கணக்கு முதல் வகை. விற்ற தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிக்கும் விதம் ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். எந்த ஆயத்தச் செயலியிலும் உங்கள் படகின் கணக்கு முறை இருக்காது. ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) தானே யோசித்து, பழைய செயலியில் ஒரு பக்கத்தை வடிவமைத்து, அதையே நகலெடுத்து நகலெடுத்து வருடக்கணக்காக எழுதி வந்திருப்பார். அந்த வடிவம்தான் அவருடைய சொத்து. செயலி அதை வைத்திருக்கும் இடம் மட்டுமே. புதுச் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வடிவம் அதில் உட்காரவில்லை என்றால் மாறுவதில் லாபமில்லை. பழையதிலேயே இருக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் படி: உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள்

இதுவே முக்கியமான படி. மீதியைச் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள்.

எல்லாச் செயலியும் ஒரே மாதிரி வெளியே விடாது. எவர்நோட்டில் கணினிப் பதிப்பைத் திறந்து, நோட்புக்கை எக்ஸ்போர்ட் செய்தால் ஈநெக்ஸ் என்ற வகைக் கோப்பு வரும். ஜாப்ளின், ஆப்பிள் நோட்ஸ் போன்ற வேறு குறிப்புச் செயலிகள் அதைப் படிக்கும். கூகுள் கீப் என்றால் கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போய் கீப்பை மட்டும் டிக் செய்து இறக்க வேண்டும். டூடூயிஸ்ட் ஒவ்வொரு திட்டத்தையும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாகத் தரும். சிம்பிள்நோட் எல்லாக் குறிப்பையும் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாகவே கொடுத்துவிடும். உங்கள் செயலி இவற்றில் எதுவும் இல்லையென்றால் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் அல்லது பேக்கப் என்ற சொல்லைத் தேடுங்கள். பல செயலிகளில் இந்த வசதி கைப்பேசியில் இருக்காது, கணினியில் மட்டும் இருக்கும். பக்கத்துக் கணினி மையத்தில் உட்கார்ந்தும் செய்யலாம். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்து, இறக்கிய கோப்பை அந்தக் கணினியிலிருந்து அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

பேக்கப்புக்கும் எக்ஸ்போர்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பேக்கப் கோப்பை அநேகமாக அதே செயலிதான் திரும்பப் படிக்கும். செயலியே போய்விட்டால் அந்தக் கோப்பு பூட்டிய பெட்டி. எக்ஸ்போர்ட் செய்த கோப்பை வேறொரு செயலியோ, குறைந்தபட்சம் ஒரு பிரவுசரோ திறக்க வேண்டும். எக்ஸ்போர்ட்டே இல்லாத செயலி என்றால், பணம் சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டுமாவது பிடிஎஃப் ஆகப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். அப்படிப்பட்ட செயலியில் இனி புதிதாக ஒரு கணக்கும் எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று முதல் ஐந்து வரையுள்ள படிகளின் சோதனைகள் அதற்குத் தேவையில்லை, நேராக ஆறாம் படிக்குப் போங்கள்.

எடுத்த கோப்பைத் திறந்து பார்க்காமல் விட்டால் எடுத்ததற்கு அர்த்தமில்லை. பழைய குறிப்பு ஒன்று, போட்டோ ஒட்டிய குறிப்பு ஒன்று, நீளமான கணக்கு ஒன்று என்று மூன்றையாவது திறந்து, செயலியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேராக இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வரக்கூடும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எக்செலில் டேட்டா என்ற பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் கோப்பிலிருந்து கொண்டுவரும் வழியில் திறந்து, யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாக வந்துவிடும். கூகுள் ஷீட்ஸில் திறந்தாலும் பெரும்பாலும் சரியாகவே தெரியும்.

கூட்டுறவுச் சங்கங்களிலும் பழைய டிடிபி கடைகளிலும் கணக்கெழுதியவர்களிடம் வேறொரு சிக்கல் இருக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் அடித்த கோப்புகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது, தேடவும் முடியாது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு என்ற எழுத்து முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக அறிவித்த பிறகும் இந்தப் பழைய முறை வெகுகாலம் ஓடியது. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றிவிட்டுத்தான் இவற்றை எந்தச் செயலிக்குள்ளும் கொண்டுபோக வேண்டும். மாற்றிய பின் ஆட்களின் பெயர்களையும் தொகைகளையும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

மூன்றாம் படி: செயலிக்கு உயிர் இருக்கிறதா?

பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தைத் திறந்து, விவரத்தில் கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பாருங்கள். ஆப்பிள் கைப்பேசியில் பதிப்பு வரலாறு என்ற பகுதி இருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் எந்த மாற்றமும் இல்லை என்றால் எச்சரிக்கை. வெறும் எழுத்து மட்டும் எழுதும் சின்னச் செயலிக்கு அடிக்கடி மாற்றம் தேவையில்லைதான். ஆனால் செயலி சும்மா இருந்தாலும் கைப்பேசி சும்மா இருப்பதில்லை. 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14, ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய காலத்தை மனதில் வைத்துக் கட்டிய செயலிகளை நிறுவவே விடாது. ஆண்ட்ராய்டு 15 அந்த எல்லையை ஆண்ட்ராய்டு 7-க்கு உயர்த்தியது. ஆப்பிள் 2017-இலேயே ஐஓஎஸ் 11 மூலம் பழைய 32-பிட் செயலிகளை மொத்தமாக நிறுத்தியது.

நம் பக்கம் இது இன்னும் நெருக்கடியான விஷயம். உப்புக்காற்றிலும் படகுத் தண்ணீரிலும் கைப்பேசி சீக்கிரம் போய்விடும். பழைய கைப்பேசியில் செயலி நன்றாக ஓடுகிறது என்று நம்பி இருப்பீர்கள். சார்ஜ் போடும் இடத்தில் உப்புப் பூத்து அது செத்த அன்று, புதுக் கைப்பேசியில் செயலி நிறுவ முடியாமல் நிற்பீர்கள். அதனால் இப்போதே வீட்டில் யாரிடம் புதிய கைப்பேசி இருக்கிறதோ அதில் அந்தச் செயலியை நிறுவி, உங்கள் கணக்கில் நுழைந்து, குறிப்புகள் முழுதாக வருகின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

அடுத்து, நடத்துகிறவர் யார் என்று பாருங்கள். கை மாறிய செயலி எல்லாம் மோசமாகிவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விதிகள் மாறும். 2008-இல் மக்களுக்கு வந்த எவர்நோட்டை இத்தாலியைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் வாங்குவதாக 2022 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரு நோட்புக் என்று எல்லை வைத்தார்கள். அதற்கு மேல் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தவர்கள் பழையதைப் பார்க்கவும் திருத்தவும் எடுக்கவும் முடிந்தது. புதிதாக எழுதத்தான் முடியவில்லை. பணம் கட்டுகிறவருக்கு அது இன்றும் முழுமையான செயலி. இலவசமாக வைத்திருந்தவருக்கு அது ஒரு பழைய பேரேடு மட்டும். செயலி ஒன்றே என்றாலும் இருவருக்கும் முடிவு வேறு.

பெயர் குழப்பத்தையும் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஒன்நோட் என்ற பதிப்புக்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது. அதைக் கேட்டு ஒன்நோட்டே மூடப்பட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. முடிந்தது அந்தப் பதிப்பு மட்டுமே. சாதாரண ஒன்நோட் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே கணக்கில் நுழைந்தால் அதே குறிப்புகள் இருக்கும். மூடல் செய்தி கேட்டால் எந்தப் பதிப்பு, எந்தத் தேதி என்று இரண்டையும் பார்த்த பிறகே கையை நகர்த்துங்கள். உண்மையிலேயே மூடுகிறவர்களும் உண்டு. கட்டுரைகளைச் சேமித்து வைக்கப் பலரும் பயன்படுத்திய பாக்கெட்டை மொசில்லா 2025 ஜூலை 8-இல் நிறுத்தியது. எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுப்பார்கள். அந்த அறிவிப்பு மின்னஞ்சலில்தான் வரும். நம்மில் பலர் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை.

நான்காம் படி: சிக்னல் இல்லாத இடத்தில் சோதியுங்கள்

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனாலே சிக்னல் விட்டுவிட்டு வரும். தனுஷ்கோடிப் பக்கமும் அப்படித்தான். இணையம் இருந்தால்தான் திறக்கும் செயலி கடற்கரைத் தொழிலுக்கு ஆகாது. இதைக் கடலுக்குப் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. கைப்பேசியை ஃபிளைட் மோடில் போடுங்கள். செயலியை முழுதாக மூடிவிட்டுத் திரும்பத் திறங்கள். போன வருடத்துக் குறிப்பு ஒன்றைத் திறங்கள், போட்டோவோடு. சில செயலிகள் சமீபத்தில் திறந்த குறிப்புகளை மட்டும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, பழையதைக் கேட்டால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியானால் செட்டிங்ஸில் ஆஃப்லைன் என்று ஏதாவது இருக்கிறதா, அது கட்டணத் திட்டத்தில் மட்டுமா என்று பாருங்கள்.

இன்னொரு சோதனையைப் பலர் செய்வதில்லை. கணக்கு படகிலும் எழுதப்படுகிறது, வீட்டிலும் எழுதப்படுகிறது. ஃபிளைட் மோடில் இருக்கும் கைப்பேசியில் ஒரு குறிப்பில் "ஐஸ் 40 பெட்டி" என்று மாற்றுங்கள். அதே குறிப்பை வீட்டுக் கைப்பேசியில் இணையத்தோடு "ஐஸ் 35 பெட்டி" என்று மாற்றுங்கள். இப்போது ஃபிளைட் மோடை எடுங்கள். நல்ல செயலி இரண்டையும் வைத்து, முரண்பாடு இருக்கிறது என்று சொல்லும், அல்லது இரண்டு நகலாக வைக்கும். மோசமான செயலி சத்தமில்லாமல் ஒன்றை விழுங்கிவிடும். உங்கள் செயலி விழுங்குகிறது என்றால், இரண்டு பேர் எழுதும் கணக்குக்கு அது வேண்டாம். ஒருவர் மட்டும் எழுதும் குறிப்புக்கு இருக்கலாம்.

ஐந்தாம் படி: தமிழ் தெரிகிறதா?

தேடல் பெட்டியில் "மண்டபம்" என்று அடித்தால் "மண்டபத்தில் எடை போட்டது" என்று எழுதிய குறிப்பு வராது, எழுத்து மாறிவிடுகிறது. "மண்டப" என்று அடித்தால் இரண்டும் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தச் செயலி முழுச் சொல்லை மட்டுமே தேடுகிறது. ஒட்டி ஒட்டிச் சொல் வளரும் நம் மொழிக்கு அது போதாது. அடுத்து "கொடுவா" என்று மீன் பெயரைத் தேடிப் பாருங்கள். கொ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒரே குறியாகவும், முன்னும் பின்னும் இரண்டு குறியாகவும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். பழைய விசைப்பலகையில் அடித்ததும் புதியதில் அடித்ததும் வேறு விதமாக இருந்து, செயலி அதைச் சமன் செய்யவில்லை என்றால், கண் முன்னால் இருக்கும் குறிப்பே தேடலில் வராது. கோ, கௌ போன்றவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்த குறிப்புகள் பாதி, தமிழிலேயே அடித்தவை பாதி என்று இருந்தால் எந்தச் செயலியாலும் முழுதாக உதவ முடியாது. மாறினாலும் மாறாவிட்டாலும் இனிமேல் ஒரே எழுத்தில் எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் மங்கிய அப்பாவோ மாமாவோ பார்க்க வேண்டிய கணக்கு என்றால், எழுத்தைப் பெரிதாக்கும்போது தொகை வரி உடைந்து அடுத்த வரிக்குப் போகிறதா என்பதையும் பாருங்கள்.

ஆறாம் படி: சாவியும் சந்தாவும்

எந்த மின்னஞ்சல், எந்தக் கைப்பேசி எண்ணை வைத்து இந்தக் கணக்கு திறந்தது? கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா போய் வந்த குடும்பங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் திணறுவார்கள். துபாய் எண்ணுக்கு ஓடிபி போகும். அந்த சிம் எப்போதோ போயிருக்கும். இந்திய எண்ணும் துண்டிக்கப்பட்டு 90 நாளுக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். கூகுள் கணக்கை 2 வருடம் தொடாமல் விட்டால், கூகுள் அதை உள்ளே இருப்பதோடு அழித்துவிடலாம். எனவே இன்றே எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் புதுப்பியுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது அந்த விவரம் தெரிந்திருக்கட்டும். கடலுக்குப் போகிற தொழிலில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் பகுதியில் சந்தாக்கள் என்பதைத் திறந்து பாருங்கள். யுபிஐ ஆப்பிலும் ஆட்டோபே பட்டியலைப் பாருங்கள். கட்டும் தொகை நியாயமா என்று பார்க்க, முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, "தொலைந்தால் பணம் போகும்" என்ற வகையில் எத்தனை வேலை இந்தச் செயலி செய்கிறது என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் கட்ட வேண்டாம். பங்குக் கணக்கே அதில்தான் இருக்கிறது என்றால் சந்தாவை டீசல், ஐஸ் போலத் தொழில் செலவில் எழுதிவிடுங்கள்.

ஆதார், மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுப் புத்தகம் ஆகியவற்றின் போட்டோக்கள் அந்தச் செயலியில் இருந்தால், மூன்றாம் படியில் அது தேறவில்லை என்றால், மற்றதுக்குக் காத்திராமல் இவற்றை உடனே எடுத்துவிட்டு அழியுங்கள். கவனிப்பாரில்லாத செயலியில் அடையாளச் சான்று கிடக்கக் கூடாது.

ஏழாம் படி: தீர்ப்பு

மூன்று வழி உண்டு.

எக்ஸ்போர்ட் சுத்தமாக வருகிறது, புதுக் கைப்பேசியில் நிறுவ முடிகிறது, சிக்னல் இல்லாமல் திறக்கிறது, தமிழில் தேட முடிகிறது என்றால் அங்கேயே இருங்கள். பத்து வருடப் பழசு, பார்க்க அழகில்லை, பக்கத்துப் படகுக்காரர் வேறொன்று வைத்திருக்கிறார் என்பதெல்லாம் மாறக் காரணமல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

எக்ஸ்போர்ட் வருகிறது, ஆனால் புதிதாக எழுத எல்லை வைத்துவிட்டார்கள் அல்லது புதுப்பிப்பு நின்றுவிட்டது என்றால் பழையதை அப்படியே நிறுத்துங்கள். பார்க்க மட்டும் அது. எழுதுவது வேறு இடத்தில். பெரும்பாலானவர்களுக்கு இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற எண்ணமே மாறுவதைப் பெரிய வேலையாக்குகிறது.

எக்ஸ்போர்ட் இல்லை, அல்லது மூடும் தேதி அறிவித்துவிட்டார்கள் என்றால் முழுதாக வெளியேற வேண்டியதுதான். போகும் இடத்திலும் இரண்டாம் படியை முதல் நாளே செய்து பாருங்கள்: மூன்று குறிப்பு எழுதி, எக்ஸ்போர்ட் எடுத்து, திறந்து பார்த்த பிறகே மற்றதைக் கொண்டுபோங்கள். இணையக் கணக்கே வேண்டாம் என்பவருக்கு ஜாப்ளின் நல்லது. திறந்த மூலச் செயலி, கைப்பேசியிலேயே குறிப்பை வைக்கும், எளிய டெக்ஸ்ட் வடிவில் வெளியே விடும். கணக்கு மட்டுமே தேவை, கூட்டல் கழித்தல் தானாக வர வேண்டும் என்றால் குறிப்புச் செயலியே வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள் போட்டு, ஆஃப்லைன் வசதியை இயக்கிக்கொண்டால் போதும்.

எட்டாம் படி: எப்போது மாறுவது, எப்படி மாறுவது

விசைப்படகுக்காரர்களுக்கு நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், வலை பார்ப்பதும், பழைய பாக்கியைத் தீர்ப்பதும் அந்த நாட்களில்தான். செயலி மாற்றத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடல் கொந்தளித்துப் போக முடியாத காற்று நாட்களைப் பார்த்துச் செய்யலாம். லாட்ஜ், ஆட்டோ, கடை வைத்திருக்கும் ராமேஸ்வரத்துக்காரர்கள் ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தை ஒட்டிய வாரங்களில் இதைத் தொடவே வேண்டாம்.

இரண்டு செயலியிலும் ஒரே நேரத்தில் எழுதிப் பார்க்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ஒரு வாரத்துக்கு மேல் அது நடக்காது. களைப்பில் ஒன்றில் எழுதி ஒன்றில் விடுவீர்கள், பிறகு இரண்டையும் நம்ப முடியாது. ஒரு தேதி வையுங்கள். ஜூன் 15-இல் முதல் கடலுக்குப் போகும்போது புதியதில் எழுதத் தொடங்குகிறோம் என்று வீட்டிலும் படகிலும் சொல்லிவிடுங்கள். பழைய கணக்கில் நகர்த்த வேண்டியது பாக்கித் தொகைகள் மட்டும்: யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், யார் கையில் எவ்வளவு அட்வான்ஸ். அதைச் சம்பந்தப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டி, "சரிதானண்ணே?" என்று கேட்டு ஏற்றுங்கள். இயந்திரம் நகர்த்தும்போது எண் மாறாது, கையால் நகர்த்தும்போது மாறலாம். எதிரில் இருப்பவர் ஒப்புக்கொண்ட தொகைதான் கடைசியில் நிற்கும்.

ஒரு சீசன் முழுதும் புதியதில் ஓடிய பிறகே பழைய கணக்கை அழியுங்கள். முதலில் சந்தாவை நிறுத்துங்கள். பிறகு எக்ஸ்போர்ட் கோப்பை இரண்டு இடத்தில், ஒன்று கைப்பேசிக்கு வெளியே ஒரு பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ, வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் பிறகு செயலியின் செட்டிங்ஸில் கணக்கை நீக்கும் வழியைத் தேடுங்கள். கணக்கு திறக்க விடும் செயலிகள் அதை நீக்கவும் வழி வைக்க வேண்டும் என்பது ஆப்பிள், கூகுள் இரண்டின் விதியும். செயலியைக் கைப்பேசியிலிருந்து தூக்கிவிட்டால் மட்டும் நிறுவனத்தின் கணினியில் இருக்கும் உங்கள் குறிப்புகள் அழியாது. நீக்கியதற்கு உறுதி மின்னஞ்சல் வந்தால் அதை அந்த பென் டிரைவிலேயே போட்டு வையுங்கள்.